எட்டாயிரம் கனஅடியில் கல்யாணம்

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் வரைக்கும் வெர்லாவும் லமாரும் ஒரே நாளில்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவர்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முடிவானது அதற்கு முந்தைய அக்டோபரில். ஆற்றுப் பயணம் முடிந்து, ரப்பர் படகுகளைக் கரையில் இழுத்துப்போட்டு, காற்றைத் திறந்துவிட்டு, அவை உஸ்ஸென்று சுருங்கச் சுருங்க அவற்றின் மேலேயே இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள்.

"பேசாம பள்ளத்தாக்குக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கலாமா? அந்தப் பெரிய மணல்திட்டுல?" என்றான் லமார்.

"எந்தத் தண்ணியில?" என்று கேட்டாள் வெர்லா.

அமெரிக்காவின் கிரீன் ஆற்றில் படகு விடுகிறவர்களிடம் மாதமும் தேதியும் செல்லாது. விநாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்பதுதான் அவர்களுடைய காலண்டர். வெர்லா தன் மகள் ட்ரீனாவின் பிறந்தநாளைக்கூடப் 'பதினாலாயிரம் ஓடினப்ப' என்றுதான் சொல்வாள்.

"எட்டாயிரம்!" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொன்னதும் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சேர்ந்து துடுப்புப் போட்டவர்களுக்கு இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்?

பள்ளத்தாக்குக்குள் போக பர்மிட் வேண்டும். அதற்குக் குலுக்கல். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று. வழக்கம்போலக் கடைசி நாள்தான் இருவரும் வெர்லாவின் சமையலறையில் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். 'புறப்படும் தேதி' என்று ஒரு கட்டம் வந்தது.

"மே பன்னெண்டு போடு," என்றான் லமார்.

"ஜூன் இருபத்தெட்டு போட்டாச்சு," என்றாள் வெர்லா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பனி உருகத் தொடங்கி ஆறு ஏறும்போது ஒருமுறை எட்டாயிரத்தைத் தாண்டும். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது இன்னொருமுறை தாண்டும். எந்த எட்டாயிரம் என்று நான்கு மாதமாக இருவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"ஜூன் கடைசியிலயா? நூத்தி நாலு டிகிரி அடிக்கும். கேக்கு கஞ்சியாயிடும். கொசு பாதிரியாரையே தூக்கிட்டுப் போயிடும்!"

"மே மாசம் மட்டும் என்ன வாழுதாம்? எதிர்க்காத்துல நாள் பூரா துடுப்புப் போட்டா படகு பின்னாலதான் போகும். தண்ணி ஐஸ். நீ விழுந்தேன்னா மோதிரத்த யாருக்குப் போடறது?"

"கள்ளியெல்லாம் செக்கச்செவேல்னு பூத்திருக்கும் வெர்லா!"

"பூவப் பாத்துட்டே தூங்கு. ஏறுற தண்ணியில காலையில எழுந்தா அடுப்பும் மேசையும் அடுத்த வளைவுல மிதக்கும்."

"இறங்குற தண்ணியில காலையில எழுந்தா படகு மணல்ல குந்தியிருக்கும். வந்தவங்க எல்லாம் புதுத்துணியோட தள்ளணும். நல்ல விருந்து!"

ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ட்ரீனா சமாதானம் பேச வந்தாள். "செப்டம்பர்ல வெச்சுக்கங்களேன்மா. நம்ம ஊர் முலாம்பழம் வந்திருக்கும்..."

"செப்டம்பர்ல ரெண்டாயிரம்தான் ஓடும்! படகத் தோள்ல தூக்கிட்டா போறது?" என்று இருவரும் சேர்ந்தே கத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை குறையவில்லை. ட்ரீனா ஃபோனை வைத்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டே இருந்த வெர்லா சட்டென்று நிறுத்தினாள். இருபது வயதில் அவள் ஒருமுறை கல்யாணம் செய்துகொண்டவள். அதுவும் மே மாதம், இதே ஆற்றங்கரை, ஏறுகிற தண்ணீர். மூன்றே வருஷத்தில் எல்லாம் குப்புறக் கவிழ்ந்தது.

"எனக்குப் பயமா இருக்கு லமார். ஏறுற தண்ணி எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இறங்குற தண்ணின்னா எந்தக் கல்லு எங்கன்னு கண்ணுக்குத் தெரியும். ஏறுற தண்ணியில நான் மாட்டேன். அதுக்கு இப்படியே இருந்துக்கறேன்."

லமார் வழுக்கையைத் தடவினான். "எனக்கு அம்பத்தாறு. முடி இறங்கியாச்சு, முட்டி இறங்கிட்டிருக்கு. கல்யாணமாவது ஏறட்டுமேன்னு பாத்தேன். சரி போ, ஜூன். ஆனா கரையில நடற குச்சிதான் சாட்சி. கல்யாணத்தன்னிக்குத் தண்ணி ஏறிச்சுன்னா, ஆயுசு முழுக்கக் கழிப்பறைப் பெட்டிய நீதான் சுமக்கணும்."

"இறங்கினா நீ," என்று கைகொடுத்தாள் வெர்லா. பள்ளத்தாக்குக்குள் போகிறவர்கள் தங்கள் கழிவையும் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; அதைச் சுமக்க யாரும் முன்வருவதில்லை.

குலுக்கலில் ஜூன் இருபத்தெட்டே விழுந்தது. அன்றைக்கு ஆறு எட்டாயிரத்து நூறு, இறங்குமுகம். பதினாறு பேர், ஐந்து படகு. வழியெல்லாம் வெர்லாவின் அலட்டலைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. மூன்றாம் நாள் மாலை மணல்திட்டில் இறங்கியதும், தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டாள். அந்த ஆற்றில் யார் எங்கே தங்கினாலும் செய்கிற முதல் வேலை அதுதான். காலையில் தண்ணீர் குச்சிக்குக் கீழே போயிருந்தால் ஆறு இறங்குகிறது, மேலே வந்திருந்தால் ஏறுகிறது.

கல்யாணத்தன்று காலையில் காப்பி போடுவதற்கு முன்பே வெர்லா ஆற்றுக்குப் போனாள். குச்சியைக் காணவில்லை. உற்றுப் பார்த்தாள். செம்மண் நிறத் தண்ணீருக்குள் அதன் நுனி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே மலையில் எங்கோ வெதுவெதுப்பான மழை, மிச்சமிருந்த பனிமேல் கொட்டியிருக்கிறது. ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம், நிறுத்திவிடலாம், அவன் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டான். திரும்பிப் பார்த்தாள். லமார் வெள்ளைச் சட்டையும் உள்டவுசருமாக, சுருதியில்லாமல் பாடிக்கொண்டே, மூடி இறுக்கி வைத்திருந்த கழிப்பறைப் பெட்டிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தான். யாருக்கு எதைச் சிங்காரிப்பது என்று விவஸ்தை இல்லாத மனிதன். வெர்லாவுக்குப் பொங்கிப் பொங்கிச் சிரிப்பு வந்தது. இந்த ஆளை எப்படி விடுவது? சொன்ன சொல்லை மட்டும் எப்படி விடுவது?

அக்கம்பக்கம் பார்த்தாள். குச்சியைப் பிடுங்கினாள். ஏழெட்டு அடி மேலே போய், காய்ந்த மணலில் ஆழமாக நட்டுவிட்டாள். அந்த ஆற்றில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"பாத்தியாய்யா, எவ்வளவு இறங்கியிருக்கு!" என்று கூவினாள்.

லமார் கண்ணைச் சுருக்கினான். "ஒரே ராத்திரியிலயா?"

"இந்த வருஷம் அப்படித்தான்."

கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஆரின். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிரே இருந்த பாறைச் சுவரைக் காட்டி, "இந்தக் காதலப் புரிஞ்சுக்கணும்னா அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னால இங்க இருந்த ஏரியிலேர்ந்து ஆரம்பிக்கணும்," என்று ஆரம்பித்தார். அவர் ஏரியை வற்றவைத்து முடிப்பதற்குள் முன்வரிசைக்காரர்களின் செருப்பு நனைந்தது. மரியாதை கருதி அவர்கள் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். இரண்டாம் வரிசையும் காலைத் தூக்கிக்கொண்டது.

"அம்மா! கேக்கு!" என்று அலறினாள் ட்ரீனா.

கேக் மேசை ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடியது. இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். அப்போதுதான் எல்லோரும் குச்சியைப் பார்த்தார்கள். கணுக்கால் தண்ணீரில், நேற்று மாலை நட்ட இடத்துக்கு ஏழெட்டு அடி மேலே, அது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. ஆற்றைத் தெரிந்த பதினாறு பேருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

"யாரு குச்சிய நகத்தினது?" கொலை விசாரணை மாதிரிக் கேட்டார் ஆரின்.

"நான்தான்," என்றாள் வெர்லா.

ஒருவரும் சிரிக்கவில்லை. லமார் கையில் மோதிரத்தோடு அவள் பக்கம் திரும்பினான். "காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏறுற தண்ணியில மாட்டேன்னு சொன்னியே..."

"சொன்னேன்."

"தெரிஞ்சுமா வந்து நிக்கிற?"

"முழங்கால் தண்ணியில நிக்கிறேன், கண்ணு தெரியலையா? பயமாத்தான் இருக்கு. போடுய்யா சீக்கிரம், தண்ணி ஏறுது!"

போட்டான். ஆரின் மிச்ச வருஷங்களையெல்லாம் ஒரே தாண்டு தாண்டி, "ஆச்சு, ஆச்சு, முத்தம் குடு!" என்று கத்தினார். முத்தம் பாதியில் இருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கூச்சல் வந்தது. கழிப்பறைப் பெட்டி, பூவும் தானுமாக, கம்பீரமாக ஆற்றில் புறப்பட்டுவிட்டது.

"உன் பெட்டி வெர்லா!" என்றான் லமார்.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துச் சிரித்து மூச்சு முட்ட, இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் துரத்திப்போய்ப் பிடித்தாள் வெர்லா. ஒரு கைப்பிடி அவள் கையில் இருந்தது. மறுபக்கக் கைப்பிடியை லமார் வந்து பிடித்துக்கொண்டான்.