வெந்த விதை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கைப்பழக்கமே ஒரு பெண்ணுக்கு வினையாகிப்போன கதை வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கொட்டாவி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

மணிக்காரி என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. அன்று காலை சின்ன டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் நாத்தனார், புருஷனின் அக்கா, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிவிட்டு உடனே நகரமாட்டாள். தூளியில் தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து மண்ணை ஒரு பார்வை பார்ப்பாள். அவள் குனிவதைக் காணும்போதெல்லாம் மணிக்காரி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

முன்பு அவள் தையல் பட்டறையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையை மூடிவிட்டார்கள். பொத்தானைத் தேடிப் பழகிய விரல் வீட்டில் சும்மா கிடக்குமா? கொல்லையில் ஒரு பூந்திக்கொட்டை மரம் நின்றது. நாத்தனாரின் கணவர் கல்யாணமான புதிதில் நட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது காய்த்துக்கொண்டிருந்தது. காயை உடைத்தால் உள்ளே கோலிக்குண்டு மாதிரி கறுத்த விதை. மணல்தாளில் தேய்த்தாள், கண்ணாடியாக வந்தது. துளை போடப்போய்க் கைகொள்ளாமல் உடைத்தாள். ஒருவழியாக முதல் மாலை கோணலும் மாணலுமாகப் பிறந்தது. யாரும் சீந்தாத அந்த மாலையை நாத்தனார்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெருவெல்லாம் நடந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் எங்கள் வீட்டு மரத்தைப் போட்டிருக்கிறேன் என்று சொன்னாளாம். அதன்பிறகு சிரட்டையில் தோடு, மரத்துண்டில் வளையல், மீன் முள்ளில்கூட ஒரு பதக்கம். ஆள் அனுப்பிக் கேட்கும் அளவுக்கு அவள் கை தேறிவிட்டது.

ஒரு புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. நாத்தனார் அழவில்லை. விழுந்த கிளைகளுக்குள் புகுந்து கடைசிக் காய்களைப் பறித்தாள். விதைகளை ஒரு டப்பாவில் போட்டு மணிக்காரியிடம் கொடுத்தாள். மழை தொடங்கியதும் ஊன்றலாம், அதுவரை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள், விதையைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும் என்றாள்.

ஒருநாள் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு வண்டு. மணிக்காரி பதறிப்போனாள். வண்டு விழுந்தால் கோத்து வைத்த மாலையெல்லாம் பொடியாகிவிடும். அவள் தொழிலில் விதையைக் காப்பாற்ற ஒரே வழிதான். உப்புத் தண்ணீரில் நன்றாக வேக வைத்து, சூடு மணலில் வறுத்து, எண்ணெய் தடவி எடுப்பது. கை தன்பாட்டுக்குச் செய்தது. ஒன்றுகூடக் கெடவில்லை என்று பெருமையோடுதான் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் முதல் விதையைத் தொட்டி மண்ணில் அழுத்தியபோதுதான் சுரீரென்று உறைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து வாய் எழவில்லை. அன்று சொல்லாதது மறுநாள் இன்னும் கனத்தது.

கடைசியில் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு குறுக்குப் பாதை வைத்திருப்பான். “நர்சரியில கன்னு கிடைக்குது. ஒண்ணை வாங்கி அக்காவுக்குத் தெரியாம ஊனிடு. இலை வந்து மாமா பேரையா சொல்லப்போகுது?” என்றான்.

அவளும் போனாள். தளதளவென்று ஒரு கன்றைக் கையில் எடுத்தும்விட்டாள். அதன்முன் நாத்தனார் குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் கன்று மரமாகி, அதன் நிழலில் தான் ஆயுசுக்கும் நடமாட வேண்டியதையும் நினைத்தாள். வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, அது முளைக்காது. நான் வேக வச்சு வறுத்துட்டேன்.”

நாத்தனார் செம்பைக் கீழே வைத்தாள். “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஒண்ணுகூட பச்சையா இல்லையா?”

“இல்லக்கா.” நாத்தனாரின் விரல்கள் கழுத்தில் கிடந்த அந்த முதல் மாலைக்குப் போயின. ஒவ்வொரு மணியாக நெருடிப் பார்த்தாள். இதுவும் வெந்ததுதானா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை.

“நான் ஊனும்போது பக்கத்துலதானேடி நின்னே,” என்றாள் கடைசியில்.

விதை போனதைவிட அதுதான் அவளுக்கு ஆறவில்லை என்று மணிக்காரிக்குப் புரிந்தது. நாத்தனார் செம்பை எடுத்து இவள் கையில் திணித்தாள்.

“நாளையிலேருந்து நீ ஊத்து.”

எதற்கு, எதுவரைக்கும் என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை மணிக்காரி ஊற்றினாள். நாத்தனார் வாசற்படியில் நின்றாள். கிட்டவும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. தண்ணீர் மண்மேல் சற்றே தேங்கி நின்று, ஒரு குமிழி விட்டு, மெல்லக் கீழே இறங்கியது. அது இறங்கி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பும் எரியட்டும், ஊன்றிய விதையும் முளைக்கட்டும். ஒன்றின் வழியில் இன்னொன்று போகாதிருக்கட்டும்.