பக்கத்தில் நடந்தவள்

எழுபதைத் தாண்டியவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று எங்கள் முதியோர் மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. நீளமான வராந்தாவின் தரையில் இரண்டு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்கு, வீட்டில் நடப்பது போல நடக்க வேண்டும். அளந்தவள் பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆராய்ச்சியாளர். கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கியதால் எங்களுக்குள் அவள் பெயர் கடிகாரம்.

நான் நடந்தபோது எழுந்த காற்றில் வராந்தாக் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒரு எக்ஸ்ரே பறந்துபோய் மருந்துக் கடையில் விழுந்தது. கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். என் மச்சினன் என்னைவிட வேகமாக நடந்ததாகச் சொல்லித் திரிகிறான். அவன் புளுகுவது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம்.

ஒரு நாள் என் முறைக்காக வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, கடிகாரத்துக்கு வழிகாட்டியான பெரிய டாக்டரம்மா அவளோடு உட்கார்ந்து எங்கள் நடைக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது கேட்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் கெடுத்ததில்லை.

“ஏம்மா, இவங்களுக்கு வைத்தியம் எதுக்கு? தபால் கொடுக்க அனுப்பலாம் போலிருக்கே.”

கடிகாரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழு கூடி, அவள் பயிற்சியை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருந்தது. கணக்கு தப்பென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அவள் அம்மா ஒரு பாங்க் வேலையைப் பேசி வைத்துவிட்டுத் தினமும் போன் செய்துகொண்டிருந்தாள்.

தப்பு எங்கே என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “நீ நட, நான் அளக்கறேன்” என்று வராந்தாவுக்கு அழைத்து வந்தார். பக்கத்திலேயே, அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தபடி, நத்தைக்கு வழிவிட்டு நடந்தார். படிகளை இரண்டிரண்டாகத் தாவும் பெண், என்னைவிடத் தாமதமாகக் கோட்டைத் தொட்டாள். ஸ்டாப்வாட்சைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“மேடம், நான் பெரியவங்க பக்கத்திலேயே பேசிக்கிட்டு நடந்தேன்.”

“ம்.”

“அவங்க எனக்கு ஈடுகொடுத்திருக்காங்க. நான் பின்னாடிதான் வந்திருக்கணும்.” பெஞ்சில் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். “எல்லாம் போச்சு.”

“என்ன போச்சு? அளந்தது நிஜம்தானே? எதை அளந்தோம்னுதான் தெரியாம இருந்தது. எல்லாரையும் மறுபடி கூப்பிடு.”

மறுபடி நடந்தோம். இந்த முறை அவள் வாய் திறக்காமல் பின்னால் வந்தாள். நான் கோட்டைச் சேர்வதற்குள் என் கைத்தடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னிக் குடியேறிவிட்டது. மச்சினன் கிளம்பும்போது மழித்திருந்த தாடி, வந்து சேரும்போது வளர்ந்திருந்ததாம். அவன் சொன்னதில் இதை மட்டும் நான் நம்புகிறேன். அதே ஆட்கள், அதே தரை. துணை இருந்தால் ஒரு நடை, இல்லாவிட்டால் வேறு நடை.

குழு கூடிய அன்று அவள் வராந்தாவின் இந்தக் கோடியில் நின்றாள். குழு அறை அந்தக் கோடியில். கால் நகரவில்லை.

“வாம்மா, எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை” என்றேன். ஒரு வேலையும் கிடையாது. மச்சினனைப் பற்றிப் பேசிக்கொண்டே எட்டி நடந்தேன். அவளும் நடந்தாள். அறை வாசலில்தான் அவளுக்கு உறைத்தது.

“தாத்தா, என்னையே அளந்து பாத்தீங்களா?” முகம் மலர்ந்து உள்ளே போனாள்.

தன் தப்பைத்தான் முதலில் சொன்னாளாம்; அதற்கப்புறம் அவர்கள் கேள்வி கேட்டு ஓயவில்லையாம். பயிற்சியை நீட்டித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அவளே போன் செய்தாள்.

பிடிக்காத ஆளோடு நடந்தால் வேகம் கூடுமா குறையுமா என்பது அவளுடைய அடுத்த ஆராய்ச்சி. எனக்கு ஜோடி மச்சினன். கதவுகளை முன்கூட்டியே சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.