கொள்ளேகால் ஃபைனலில் விழுந்த கோல்

மைசூர் தேவராஜ மொஹல்லாவின் குறுக்குத் தெரு ஒன்றில் இருந்த அந்த ஃபிளெக்ஸ் கடையில், காலை பதினொரு மணியிலிருந்து இரண்டு படங்கள் மாறி மாறிப் பெரிதாகிக்கொண்டிருந்தன. சந்துரு குரலை உயர்த்தினால் கம்ப்யூட்டர் திரையில் பந்தாட்டக்காரன் சென்னிமலையின் படம் வீங்கும். மாரிசாமி மேஜையைத் தட்டினால் அது சுருங்கி மனோஜ்குமாரின் படம் வீங்கும். டிசைனர் நஞ்சுண்டசாமி யார் பக்கமும் இல்லை. சத்தம் வருகிற பக்கம் மவுஸை நகர்த்தினார், அவ்வளவுதான்.

கொள்ளேகால், ஹனூர், சாமராஜநகர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் கால்பந்து மன்றம் அது. மறுநாள் காலை பத்தாம் ஆண்டுப் போட்டி. மைதான வாசலில் கட்டும் ஃபிளெக்ஸின் நடுவில் 'நம் பகுதியின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்' என்று ஒரே ஓர் ஆள். மற்றவர்கள் எல்லாம் இரு ஓரத்திலும், தபால்தலை அளவில்.

"ஒரு மணிக்கு கரண்ட் ஹோகுத்தே, போயிடும் சுவாமி," என்றார் நஞ்சுண்டசாமி. "போனா நாளைக்கு மத்தியானம்தான் பிரிண்ட். பேக ஹேளி, சீக்கிரம் சொல்லுங்க."

தருண்குமார் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சந்துருதான் அவனை இழுத்து வந்திருந்தான். இரண்டு பேருடைய பந்துக்கும் எதிரே நின்ற கோல்கீப்பர் அவன் ஒருவன்தான். மனைவி மோகனப்ரியா காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்துவிடுகிறான். மாட்டேன் என்று சொல்ல ஒரு முயற்சி வேண்டியிருக்கிறது.

"அம்பத்திரண்டு கோலுடா," என்றார் மாரிசாமி. சாமராஜநகர்க்காரர். மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. "மனோஜு ரெண்டு கால்லயும் அடிப்பான், தலையாலயும் அடிப்பான். உங்காளுக்கு இடது காலு மட்டுந்தான். வலது காலு எதுக்கு, செருப்பு மாட்டவா?"

"அம்பத்திரண்டுல முப்பது பெனால்டி," என்றான் சந்துரு. "பெனால்டிய எங்கூட்டு ஆடுகூட அடிக்குமுங்ணா. ஆறு வருசம் முன்னால கொள்ளேகால் ஃபைனல்ல சென்னிமலை அடிச்சானே, முப்பது மீட்டர் தூரத்துலருந்து. அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க, நான் மீசைய எடுத்துக்கறேன்."

திரையில் சென்னிமலை பெரிதானான்.

மாரிசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். ஸ்டூல் பக்கம் பார்க்காமலே பேசினார். குரல் இறங்கியது.

"அந்தக் கோலைக் கணக்குல சேக்காத சந்துரு. கீப்பர் அசையவே இல்ல. கல்லு மாதிரி நின்னான். அடுத்த மாசம் அவந்தங்கச்சியவே கட்டுனான். மச்சான் அடிச்சாரு, மாப்ள விட்டாரு. அவ்வளவுதான் விசயம்."

"அண்ணா, வார்த்தைய அளந்து பேசுங்க."

"நானாச் சொல்லல. அந்தப் புள்ள பிரியாவே எங்கூட்டுல வந்து சொல்லுச்சு. எம்புருசன் எனக்காக விட்ட கோலுன்னு. பெருமையாச் சொல்லுச்சு."

எல்லோரும் வாசலைப் பார்ப்பது கண்டு தருண்குமாரும் திரும்பினான். அங்கே சென்னிமலை நின்றுகொண்டிருந்தான். நல்ல போட்டோ ஒன்று கொண்டு வரச் சொல்லிச் சந்துரு போன் செய்திருந்தான். ஹனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

தங்கையைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது சென்னிமலை வந்தான். அதற்கு முன் இரண்டு வருடம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு தீபாவளியன்று அண்ணனும் தங்கையும் எதற்கோ வாய்ச்சண்டை போட்டார்கள். "அவரு விட்டதாலதான் நீ கோல் போட்டே," என்றாள் மோகனப்ரியா. சென்னிமலை இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அந்த வருடத்தோடு ஆட்டத்தையும் விட்டான்.

ஃபைனல் நடந்த அன்று சாயங்காலம் அவள் போனில் கேட்டாள். "ஏன் அப்படி நின்னீங்க?" தருண்குமாருக்கு வெட்கம். கட்டிக்கொள்ளப்போகிறவளிடம், நான் ஏமாந்து நின்றேன் என்று சொல்ல நா எழவில்லை. "உனக்காகத்தான் விட்டேன். உங்கண்ணன் ஜெயிச்சாத்தானே சந்தோசமாப் பொண்ணு குடுப்பாரு?" என்றான். அவள் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வாங்கித் தந்த எதையும்விட அதைத்தான் பெரிதாக வைத்திருந்தாள். எவ்வளவு கோபமாக இருந்தாலும் அந்தக் கோலை நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள். தீபாவளிச் சண்டையின்போதும் அவன் பக்கத்தில்தான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

சென்னிமலை உள்ளே வந்தான். மாரிசாமியைப் பார்க்கவில்லை. நேராக ஸ்டூலின் முன்னால் வந்து நின்றான்.

"மாப்ள. இத்தனை பேரு இருக்கறாங்க. இன்னிக்குச் சொல்லிப்போடுங்க. விட்டீங்களா?"

தருண்குமார் எழுந்து நின்றான். விட்டேன் என்றால் சென்னிமலையின் பெயர் இந்தக் கடையோடு முடிந்தது. விடவில்லை என்றால், அவள் ஐந்து வருடம் பொத்தி வைத்திருந்தது வெறும் பொய். திருப்பிக் கேட்க அவளும் இல்லை.

"சார், ஹன்னெரடு முக்கால், பன்னண்டே முக்கால் ஆச்சு," என்றார் நஞ்சுண்டசாமி, மெதுவாக.

"விடல," என்றான் தருண்குமார்.

"சத்தமாச் சொல்லுப்பா," என்றார் மாரிசாமி.

"விடல. பந்து ஒரு பக்கம் வரும்னு நெனச்சேன், இன்னொரு பக்கம் போச்சு. காலு எந்திரிக்கல. ஏமாந்துட்டேன்."

"அப்ப பிரியா சொன்னது?"

"நான் அவகிட்டப் பொய் சொன்னேன்."

சந்துரு கத்தப்போனவன், சென்னிமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சென்னிமலை கையை ஓங்குவான் என்றுதான் தருண்குமார் நினைத்தான். ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான்.

"அவ எங்கிட்டச் சொன்ன அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமேங் மாப்ள," என்றான் சென்னிமலை. "ரெண்டு வருசம்."

போட்டோ உறையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். தருண்குமார் பின்னாலேயே போனான். தெருவில் மல்லிகை மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சென்னிமலையும் நின்றான். திரும்பாமலேயே கேட்டான்.

"எந்தப் பக்கம் வரும்னு நெனச்சீங்க?"

"வலது பக்கம்."

"உங்களுக்கு வலதா, எனக்கு வலதா?"

"எனக்கு."

ஆட்டோ நகர்ந்தது. சென்னிமலை நகரவில்லை.

"நானும் அங்கதான் அடிச்சேன்."

தருண்குமாருக்கு முதலில் புரியவில்லை.

"கால்ல சரியாப் படல. வழுக்கிருச்சு. வலை ஆடுனதுக்கு அப்பறந்தான் பந்து எங்க போச்சுன்னு எனக்கே தெரியும். அதுக்குள்ள எல்லாரும் தோள்ல தூக்கிட்டாங்க. அப்பறம் எங்க போய்ச் சொல்றது?" அவன் செருப்பைத் தரையில் தேய்த்தான். "பிரியா அப்படிச் சொன்னப்ப, திருடுனவனக் கையோட புடிச்சாப்பல ஆயிருச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன். அவ மேல கோவமில்லீங். அவ மொகத்தப் பாக்க முடியல."

தருண்குமார் ஓரடி முன்னால் வந்து அவன் பக்கத்தில் நின்றான்.

"நீங்க கரெக்டாத்தான் நின்னிருக்கீங்க," என்றான் சென்னிமலை. "போய் அவங்ககிட்டச் சொல்லிருங்க. எனக்கு வாய் வராது. மனோஜையே போடட்டும்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

தருண்குமார் கடைக்குள் வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. உறையிலிருந்த போட்டோவை ஸ்கேன் செய்து, அதை நடுவில் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார் நஞ்சுண்டசாமி. விரல் கீபோர்டின்மேல் நின்றது. சந்துரு அவனை ஆவலாகப் பார்த்தான். மாரிசாமி துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"தருணு, கடைசியா ஒரே கேள்வி," என்றார் மாரிசாமி. "நான் இத்தனை நாளா மனோஜுக்காகச் சண்ட போட்டவன். இன்னிக்கு விட்டுக் குடுக்கறதுன்னா நெசத்துக்குத்தான் விட்டுக் குடுப்பேன். இனிப் பிரியா தலையில பழியப் போட முடியாது. நீயாச் சொல்லு. நெசமாவே புடிக்க முடியாத பந்தா அது?"

தருண்குமார் திரையைப் பார்த்தான். பிறகு மாரிசாமியின் கண்ணைப் பார்த்தான்.

"எந்தக் கீப்பராலயும் முடியாதுங்க."

மாரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, போடுப்பா. ஆனா எம்மனோஜு தபால்தலை சைஸுல இருந்தா, ஃபிளெக்ஸ நானே வந்து கிழிப்பேன்."

நஞ்சுண்டசாமி மனோஜ்குமாரைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கிவிட்டு, கீயை அழுத்தினார். உள்ளறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. சந்துரு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ரோலரிலிருந்து முதலில் சென்னிமலையின் கால்கள்தான் வந்தன. தருண்குமார் அவை முழுதாக வரும்வரை நின்று பார்த்தான்.