நனைக்காத அடுக்கு

கத்தியை அம்மா என் கையில் கொடுத்தபோது கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஸ்ட்ராபெரி கேக் இல்லாமல் எங்கள் ஊரான வர்க்கவுஸில் யாரும் பட்ட விருந்துக்கு ஆள் கூப்பிடுவதில்லை. எனக்கோ டாக்டர் சொன்ன, ஃபோட்மேப் என்கிற சர்க்கரை வகைகள் குறைந்த சாப்பாடுதான். கோதுமை, வெங்காயம், பால், ஆப்பிள் எதைத் தொட்டாலும் குடலில் நொதித்து என்னைச் சுருட்டிப் போட்டுவிடும்.

காகித ஆலை உணவகத்தில் சமைக்கும் அம்மா இதை நம்பியதே இல்லை. "ஹெல்சின்கி போனதுல இருந்து என் சாப்பாடு ஒனக்கு எறங்கல" என்பாள். இந்த முறை அவளாகவே உருளைக்கிழங்கு மாவில் கேக் சுட்டிருந்தாள். லாக்டோஸ் இல்லாத க்ரீம். அதன்மேல் சந்தைக்கு அன்று வந்த ஸ்ட்ராபெரிப் பழங்கள்.

"எல்லாம் ஒனக்காகத்தான் சென்யா. இன்னிக்காச்சும் நான் செஞ்சத தட்டுல மிச்சம் வைக்காம தின்னு."

"படிச்ச வயித்துக்கு ஒத்துக்குமாக்கா? நம்மளது படிக்காத வயிறு" என்றாள் மார்யுத் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தது நான். சிரிப்பது இவர்கள்.

துண்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். அடி அடுக்கு ஈரத்தில் மின்னியது. எங்கள் ஊரில் கேக்கைச் சாற்றில் நனைக்காமல் யாரும் க்ரீம் தடவ மாட்டார்கள்.

"அம்மா, எதுல நனைச்ச?"

"எதுலன்னா? எப்பவும் போல ஆப்பிள் சாறுலதான். அதெல்லாம் ஒரு..." பாதியில் நிறுத்தினாள். முகம் விழுந்துவிட்டது.

தின்றுவிடலாம். ராத்திரி துடிக்கலாம். அவள் மானம் தப்பும். நல்ல மகள்கள் அப்படித்தான் செய்வார்களாம். நான் செய்ய மாட்டேன்.

"என்னால திங்க முடியாதும்மா."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் சித்தி.

"நீ சும்மா இரு மார்யுத்." அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கேக் சமமாக நிற்க வேண்டுமென்று அவள் சீவி எடுத்த மேல்பகுதி பலகையில் கிடந்தது. சாறு படாதது. அதில் மிச்ச க்ரீமை அப்பி, பழத்தை அரிந்து வைத்தாள்.

"அட்டையாட்டம் காஞ்சு கெடக்கு. இதையா விருந்துல திம்பாங்க?"

"குடும்மா."

நின்றபடியே தின்றேன். மேலண்ணத்தில் ஒட்டியது. ஸ்ட்ராபெரியின் சாறு இறங்கிய இடம் மட்டும் இளகி, புளிப்பும் இனிப்புமாகக் கரைந்தது.

"நல்லாருக்கு."

"பொய் சொல்லாத."

"நான் பொய் சொல்ற ஆளா? இப்பதானே எல்லார் முன்னாடியும் ஒன் மானத்த வாங்கினேன்."

அம்மா சிரிக்கவில்லை. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

"ரொம்ப வலிக்குமாடி?"

இதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"வலிக்கும்மா."

கூடத்தில் காபிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.