கோதண்டபாணி போட்ட கிரேடு

குறை சொல்வது கோதண்டபாணிக்குத் தொழில். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலுக்கு கிரேடு போடும் மேஜைக்கு அவர்தான் ராஜா. மாடு எந்த முள்வேலியில் உரசியது, உண்ணி எங்கே கடித்தது என்று உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவார். பைபாஸில் பைக் சறுக்கி விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எல்லாம் படுத்துவிட்டது. தப்பித்தது வாய் மட்டும்தான். அது மற்றவர்களின் கெட்ட நேரம்.

அந்த வாயை முழுநேரமும் தாங்கியவர்கள் இரண்டு பேர். நர்ஸ் ஜாஸ்மின், அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, புரட்டிப் போடும் ஜெயசீலன். வேலூர் ஹோம் கேர் கம்பெனி ஒன்று அனுப்பிய ஆட்கள். கஞ்சியின் சூட்டிலிருந்து தலையணை மடிப்பு வரை அவர் எல்லாவற்றையும் நொட்டை சொல்வார். அவர்களும் "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் இஷ்டப்படியே செய்வார்கள். ஜாஸ்மின் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன நாட்களில் மட்டும் மனிதர் யாரையும் திட்டாமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒருநாள் காலை மனைவி சௌந்தரம் பூரிப்போடு வந்தாள்.

"இன்னைக்கு கம்பெனியில இருந்து வர்றாங்களாம். பெஸ்ட் டீம்னு அவார்டு தர்றாங்க. நம்ம பசங்க பேரும் இருக்குது. ஜெயிச்சா வேலூருக்கே கூட்டிட்டுப் போயி மத்தவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கச் சொல்வாங்களாம்."

கோதண்டபாணி மறுபடி விட்டத்தைப் பார்த்தார். இவர்களை விட்டுவிட்டு அவர் என்ன செய்வார்? அவார்டு கிடைக்காமல் செய்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டினார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் நவீதும், நடுவராக வேலூர் பாகாயத்திலிருந்து சானியா மேடமும் வந்தார்கள். ஜாஸ்மின் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் நின்றாள். ஜெயசீலன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். பாவம், இரண்டு பேருக்கும் ஆசை.

"உங்களை எப்படிப் பாத்துக்குறாங்க சார்?" என்றார் சானியா மேடம்.

"பேஜாரு மேடம். தூங்க விடுறதில்ல. நேரத்துக்கு நேரம் புரட்டிப் போடுறாங்க."

மேடம் அவர் முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். ஒரு படுக்கைப் புண் கிடையாது.

"இவன் தூக்கும்போது பாட்டு பாடுறான். சுருதியே இல்ல. இந்தப் பொண்ணு எனக்கு சளி எடுக்குற சாக்குல ஊர்க்கதை எல்லாம் பேசுது. எனக்குப் பேசவே சான்ஸ் இல்ல. போன மாசம் கல்யாண நாளு. கேக்காம கொள்ளாம என்னை வீல்சேர்ல கட்டி பிரியாணி கடைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. ஊரே பாத்துச்சு."

"பிரியாணி எப்படி இருந்துச்சு?"

"தொட்டுக்கக் குடுத்த கத்திரிக்கா கம்மி."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நவீதுக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"சார், இவ்ளோ கம்ப்ளைண்ட் இருந்தா ரூல்படி நாளைக்கே டீமை மாத்திடணும்."

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகழ்ந்தாலும் போய்விடுவார்கள், இகழ்ந்தாலும் போய்விடுவார்கள். இந்த ரூலை எழுதிய புண்ணியவான் யாரோ!

"அதுக்காக அவ்ளோ மோசம்னு இல்ல தம்பி," என்று இழுத்தார். "நடுத்தரம். சுமாரு."

"நீங்க தோலுக்கு கிரேடு போடுறவராமே," என்றார் மேடம். "இவங்களுக்கு என்ன கிரேடு போடுவீங்க?"

பி கிரேடு என்று சொன்னால் போதும். அவார்டும் வராது, ஆளும் மாறாது. வாயைத் திறந்தவர் ஜாஸ்மினைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. முதலாளியே வந்து நின்று கெஞ்சியபோதும் அவர் ஒரு தோலுக்குக்கூட மாற்றி கிரேடு போட்டதில்லை. ஊரில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

"ஏ கிரேடு," என்றார். "கைவைக்க ஒரு குறை கிடையாது. சொன்னதெல்லாம் பொய். கூட்டிட்டுப் போறதா இருந்தா சீக்கிரம் கூட்டிட்டுப் போய்டுங்க."

நவீத் தலையைச் சொறிந்தார்.

"எங்க சார் கூட்டிட்டுப் போறது? மாத்து ஆள் வேணாமா? ஒரு மாசமா கேட்டுட்டு இருக்கேன். உங்க பேரைச் சொன்னா ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சுக்குது, ஒருத்தி லீவு போட்டுட்றா. நெமிலிக்காரன் ஒருத்தன் ஒத்துக்கிட்டான். உங்ககிட்ட போன்ல பேசுனான், அன்னைக்கே வேலையை விட்டுட்டான். அவார்டு இவங்களுக்குத்தான். ட்ரெய்னிங் எல்லாம் இங்க இருந்தே வீடியோவுல எடுக்கட்டும்."

"அப்ப கம்ப்ளைண்ட் வந்தா மாத்துவேன்னியே?"

"ரூலு இருக்குது சார். ஆள்தான் இல்ல."

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்து இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை எழாது. தன் வாய்க்குப் பயந்து ஓடிய நெமிலிக்காரன் ஞாபகம் வந்ததும் அவசரமாகக் குரலை உயர்த்தினார்.

"இன்னா ரெண்டு பேரும் வேடிக்கை பாக்குறீங்க? மனுசன் காதுல தண்ணி போவுது. துடைக்கத் தெரியல, இதுங்களுக்கு அவார்டாம்."

"சரி சார்," என்று ஜாஸ்மின் டவலோடு ஓடிவந்தாள். முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.