இரண்டிலிருந்து மூன்று வரை

பக்கத்து அறையில் டம்ளர் விழுந்து உருண்டது. சிமெண்ட் தரையில் அரைவட்டம் போட்டு, எதிலோ முட்டி நின்றது. அவள் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது.

அண்ணனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மணி அடிப்பார் என்று சொல்லிக்கொண்டாள். எழுந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு முழங்கை, பிறகு முட்டி. அதற்குள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நரம்பு சுண்டி இழுத்து உயிரை வாங்கிவிடும். தபால் பிரிக்கும் கூடத்தில் இருபது வருடம் நின்ற நிற்பில் வந்த வலி. பதினோரு வருடமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறது.

இந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தவரே அண்ணன்தான். இதயம் பழுதாகி ஒன்றரை வருடமாகக் கட்டிலோடு கிடப்பவர். தூக்கி உட்கார வைப்பது, துடைத்துவிடுவது, மாத்திரை, கஞ்சி எல்லாம் அவள்தான். ஒருநாள் அவள் முதுகை நிமிர்த்த முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்துவிட்டார். மறுநாளே படுத்தபடி ஒயரை முறுக்கி, தலைமாட்டில் பேட்டரிப் பெட்டியும் பொத்தானும் வைத்துக்கொண்டு, அவள் அறையில் மணியை மாட்டச் சொன்னார். ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்த கை.

"ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் நீ படுத்தே ஆகணும். எமனே வந்தாலும் வெளில உக்காரச் சொல்றேன்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணா."

"முடியலன்னா மணி அடிப்பேன். அடிக்கலன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். போ."

பத்து நாளாக மணி அடிக்கவே இல்லை. ஆள் தேறி வருகிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். முகம் மட்டும் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது. அறையில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அவள் போனபோது அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். சிந்திய தண்ணீர் பாதி காய்ந்திருந்தது. கூப்பிட்டாள். தொட்டாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது. பிறகு, ஏன் என்று தெரியாமலே, பொத்தானை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள்; காலி. பேட்டரிகள் தலையணை உறைக்குள், கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக இருந்தன.

பத்து நாளுக்கு முன்னால் மணிச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தவள், அண்ணன் அறை வாசற்படி தடுக்கி விழுந்து, கால் மணி நேரம் அங்கேயே கிடந்தாள். "சும்மாத்தான் அடிச்சேன், போய்ப் படு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் கழற்றியிருக்கிறார். உங்களை யார் இதைச் செய்யச் சொன்னது என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். தம்பி அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மணி அடிக்கலையாக்கா அவரு?"

"இல்ல."

அவன் பொத்தானை அழுத்திப் பார்த்தான். "இது வேலையே செய்யலையே?"

"பேட்டரி இல்ல. கழட்டி வச்சிருந்தாரு."

"யாரு, அவரேவா?" என்றாள் தம்பி மனைவி. குரல் தணிவாகத்தான் இருந்தது.

"அவரேதான்."

"சத்தம் எதுவுமே கேக்கலையா அண்ணி?"

இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு போய்விடும். பார்த்தவர் யாருமில்லை.

"டம்ளர் விழுந்துச்சு. கேட்டுச்சு. நான் எந்திரிக்கல."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி பொத்தானையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள். யார் நாற்காலியை நகர்த்திப் போட்டாலும் வேண்டாம் என்றாள். வலி மாத்திரையும் போடவில்லை. தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. மதியத்துக்குள் இடது கால் மரத்துப்போய், கையில் தட்டுகளோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

மணி இரண்டு. தம்பி மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். கூடத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தட்டுகளைத் தம்பி மனைவி கையில் கொடுத்தாள்.

"நான் போய்ப் படுக்கணும்."

அவளுடைய அறையில் வந்தவர்களின் பைகள் அடைத்துக்கொண்டிருந்தன. அண்ணனின் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. முட்டி, முழங்கை, ஒருக்களிப்பு என்று ஒவ்வொன்றாக இறங்கித் தரையில் படுத்து, முக்காலி மேல் கால்களைத் தூக்கிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது. அது இறங்க இறங்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தலையைத் திருப்பினாள். மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலின் நாடா மட்டும், நடுவில் ஓர் ஆள் அளவுக்கு, தரையைப் பார்த்துத் தொய்ந்து கிடந்தது.