மூன்று இருளப்பன்களுக்கும் ஒரே மெயில்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக்கூடக் கைத்தொலைபேசியில் தட்டிவிடுகிறார்கள். வாசலில் நின்று, ‘மாமா இருக்கீங்களா’ என்று குரல் கொடுக்க வாய் வலிக்கிறது. விரல் மட்டும் வலிப்பதில்லை. இந்த விரல்களை நம்பித்தான் என் செவ்வந்திப் பூவெல்லாம் வீணாய்ப் போயிற்று.

மலையூர் பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலை முடிகிற சரிவில் எங்கள் பூத்தோட்டங்கள். தேயிலையில் வேலை செய்து ஓய்ந்தவர்கள் பிடித்த துண்டு நிலங்கள். பூ விற்கச் சங்கம் வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் கடைக்காரர்கள் மெயில் அனுப்பினால் நிலத்துண்டின் நம்பரைப் பார்த்து ஆளுக்கு வந்து சேரும். நான் ஒன்பது. ஒன்பதுக்கு வந்தது ஒருநாளும் பத்துக்குப் போனதில்லை.

அது ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் சாம்பசிவத்தின் மகள் விக்னேஸ்வரி கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்தவள். கூட்டத்தில் எழுந்து பேசினாள். “நம்பர் சொல்லிக் கூப்பிட நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்? தோட்டத்துல தாத்தாமாரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டது போதும்லா. சங்கத்துக்குச் சொந்தமா மெயில் சர்வர் போடுறேன். அவங்கவங்க பேர்லயே வரட்டும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி சங்க அறை மேசையில் வந்து உட்கார்ந்தது. பச்சை விளக்கு ஒன்று அதில் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

எங்கள் பங்காளிகளில் முதல் ஆண்பிள்ளைக்குக் குலசாமி பேர்தான். மாற்றி வைக்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது. ஆகவே சங்கத்தில் மூன்று இருளப்பன். நான் ஒருவன், பாலத்தடியான் ஒருவன், நெட்டையன் ஒருவன். மனிதர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. மேட்டு இருளப்பன் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட என் வீட்டைக் காட்டும்.

தைப்பூசத்துக்கு முன்னால் மருமகள் புனிதா என் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, ஈப்போ பூக்கடைக்காரர் மெயில் போட்டிருக்காரு. மஞ்சள் செவந்தி, லோரி நிறைய வேணுமாம். நாளைக்குக் காலையில வெட்டி ரோட்டுக்குக் கொண்டாரச் சொல்றாரு.”

“சத்தமாப் படிக்காத” என்றேன். பங்காளிகள் காதில் விழுந்தால் கடைக்காரனுக்குப் போன் போட்டு விலையைக் குறைத்துப் பேசுவார்கள். எங்கள் வழக்கம் அது. வரவை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அந்தக் கடைக்காரன் வருஷா வருஷம் என் பூதான் வாங்குவான். தைப்பூசத்துக்கு என்றே வளர்த்த பாத்திகள். நானும் மகனும் புனிதாவும் பனியிலேயே இறங்கி ஒன்றுவிடாமல் வெட்டினோம்.

ரோட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே பாலத்தடியான் தன் பூவோடு நிற்கிறான். பின்னாலேயே நெட்டையன் வேனில் வந்து இறங்குகிறான்.

“நீ எங்கடா இங்க?” என்றேன்.

“எனக்கு மெயில் வந்துச்சு” என்றான் பாலத்தடியான்.

“எனக்கும்தான் வந்துச்சு” என்றான் நெட்டையன். “ரெண்டு பேரும் எம்பூவைத் தூக்கிவிட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்.”

லோரி வந்தது. டிரைவர் அர்ஜுனன் காகிதத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். “இருளப்பன்னு ஒரு பேரு, ஒரு லோடு. இதுல யாரு இருளப்பன்?”

மூன்று பேரும் கை தூக்கினோம். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

“கடைக்காரனைக் கேளுடா. எம்பூவைத்தான் கேட்டிருப்பான்.”

அவன் போன் போட்டுப் பார்த்தான். பூச நேரத்தில் கடைக்காரன் எடுக்கவில்லை. “அண்ணே, எனக்கு நேரம் இல்ல. முதல்ல வந்தவர் பூவை ஏத்துறேன்.” பாலத்தடியானின் பூ ஏறியது.

“எம்பேருக்குத்தானே வந்துச்சு? நான் என்ன திருடுனேனா?” என்று பாலத்தடியான் லோரியில் தொற்றிக்கொண்டே சொன்னான். அதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நெட்டையன் வேனைத் திருப்பினான். நான் மகனிடம் பூவை வண்டியில் ஏற்றச் சொல்லி நேரே சங்க அறைக்கு ஓட்டச் சொன்னேன். கட்டுக்கட்டாய்க் கொண்டுபோய் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுற்றி அடுக்கினேன். மேசை நிறைந்ததும் தரையில் போட்டேன்.

விக்னேஸ்வரி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பெரியப்பா, என்ன இது?”

“பூ. மெயில்ல அனுப்பு. எந்த இருளப்பனுக்காவது போய்ச் சேரட்டும்.”

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது. “ஒரே பேர்ல மூணு பேர் இருந்தா மெயில் யாருக்கும் போகாமத் திரும்பிடும் பெரியப்பா. அப்படி ஆகக்கூடாதுன்னு மூணு பேருக்கும் போற மாதிரி வெச்சேன். கூட்ட அறிவிப்பெல்லாம் எல்லாருக்கும் கிடைக்கட்டும்னு நெனச்சேன்.”

“கூட்டத்தை வெட்டி லோரில ஏத்துறோமா நாம?”

“சொந்தப் பேர் வேணும்னு நீங்களும்தானே கை தட்டினீங்க?”

“எல்லாரும் தட்டினாங்க, தட்டினேன். அதுக்காக எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? மூணு இருளப்பன் இருக்காங்கன்னு இந்தப் பெட்டிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? இங்க பொறந்தவதானே?”

அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டினாள். “இப்ப அப்பா பேரையும் சேத்துட்டேன். நீங்க இருளப்பன் பக்கிரிசாமி. அவங்க ரெண்டு பேருக்கும் அவங்கவங்க அப்பா பேர். இனிமே கலக்காது.”

“ஈப்போக்காரனுக்கு எங்கப்பன் பேர் எப்படித் தெரியும்? அவன் பழையபடி வெறும் இருளப்பன்னு போட்டா?”

“திரும்பிப் போயிடும். முழுப் பேர் போடுங்கன்னு அவருக்குப் பதில் போகும்.”

“அந்தப் பதிலைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கீழ லெம்பா பெர்த்தாம் தோட்டங்கள்ல எவன்கிட்டயாவது வாங்கிடுவான். என் ஒன்பதாம் நம்பரைத் திருப்பிக் குடு.”

“கூட்டத்துல முடிவு பண்ணினது பெரியப்பா. நானா மாத்த முடியாது. இருங்க, ஒரு மெயில் போட்டுக் காட்டுறேன்.”

என் சட்டைப் பையில் போன் நடுங்கியது. “பாத்தீங்களா?” என்றாள். “உங்களுக்கு மட்டும்தான் வந்திருக்கு.”

“நீ என்னைப் பாத்துக்கிட்டே அனுப்புற. அதான் வந்திருக்கு. ஈப்போக்காரன் என்னைப் பாத்துக்கிட்டா அனுப்புவான்?”

“பூவை என்ன பண்றது பெரியப்பா?”

“நீயே வெச்சுக்க.”

வெளியே மகன் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தான். அவனைப் போகச் சொன்னேன். ஈப்போ பஸ் பிடித்துக் கடை வாசலில் போய் நின்று, மேட்டு இருளப்பன் நான்தான் என்று என் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். தேயிலைக்கு நடுவே பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்து நடந்தேன். போன் இன்னொரு முறை நடுங்கியது. அதை எடுத்துப் பார்க்கவில்லை.